641
(முன்னாள் மாணவர் சந்திப்பில் கணிதத் துறை ஓய்வுபெற்ற பேராசிரியர் ஆற்றிய உரை)



இருபது நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஓர் எண்ணைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. அதாவது, 2-ஐ 32 முறை பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருவது.

1640-இல் பிரான்ஸ் நாட்டு ஃபெர்மா ஒரு வரிசையைக் கண்டார்: 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் பகா எண்கள். அடுத்து வருவதுதான் நம்ம எண். அதுவும், அதற்கு மேல் வருபவையும் பகா எண்களே என்று அவர் நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை உடைத்தார். 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும்!

சரிபார்ப்பது சுலபம். 640 என்பது 5 × 2⁷. 641-ஆல் வகுத்தால் அதன் மீதியை −1 எனலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ என்பதற்கு மீதி 1. ஆனால் 5⁴ = 625; அது 641-க்கு 16 குறைவு, அதாவது −2⁴. ஆகவே −2³² என்பதற்கு மீதி 1. அப்படியானால் 2³² + 1 மிச்சமில்லாமல் வகுபட்டே தீர வேண்டும்.

1974-இல் வகுப்பில் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, "இது எதால் வகுபடும் என்பதை நாளைக்குச் சொல்றேன்" என்றேன். இது பகா எண்தான் என்று காட்ட வேண்டுமானால் 65,536 வரையுள்ள 6,542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். யார் செய்யப் போகிறார்கள் என்ற தைரியம் எனக்கு.

மறுநாள் கடைசி பெஞ்சு மாணவர் ஒருவர் நோட்டோடு வந்து, "641 சார்" என்றார்.

"எந்தப் புஸ்தகத்தைப் பார்த்து எழுதினே?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மாலையில்தான் பிரித்துப் பார்த்தேன். 2, 3, 5, 7 என்று தொடங்கி, பக்கம் பக்கமாக வகுத்தல் கணக்கு. 115 முறை மீதி வந்திருக்கிறது. 116-ஆவது பகா எண் 641. அங்கே மீதி பூஜ்யம்.

ஆய்லர் நிறுவிய விதிப்படி, இந்த எண்ணை வகுக்கும் பகா எண்ணை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடும். அதை அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். பாராட்டியிருக்க வேண்டியவனும் நானே. நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை.

ஃபெர்மா சொன்ன வரிசையில் ஆறாவது பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய மேதையே தவறியிருக்கிறார் என்று நான் சமாதானம் சொல்லலாம். ஆனால் அவர் தவறியது கணக்கில். நான் தவறியது மாணவனிடத்தில்.

அவரை இன்று காலை பதிவு மேஜையில் பார்த்தேன். தலை நரைத்திருக்கிறது. தம்பி, அந்தக் கணக்கை நீங்களேதான் போட்டீர்கள். இத்தனை வருஷம் கழித்து, அன்று சிரித்த அதே வகுப்பின் முன்னால் சொல்கிறேன். மன்னித்துக் கொள்ளுங்கள்.