கம்பியில்லா வலைக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

நமது கூலி பாங்கிக் கணக்குக்கு வருகிறது. பிள்ளைகளின் பாடம், சர்க்கார் மனு, வெளியூர் மகனின் குரல் எல்லாம் இன்று இண்டர்நெட் வழியாகவே வருகின்றன. அது எட்டாதவன் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறான். ஆனால் அது யார் கையில் இருக்கிறது? விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய கம்பெனிகளின் கையில். அவர்கள் வைத்ததே விலை!

இதற்கு மாற்று உண்டா? உண்டு என்று தென்னாப்பிரிக்கக் கிராமத்து ஏழை ஜனங்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அந்நாட்டின் கிழக்குக் கேப் மாகாணத்தில் மான்கோசி என்று ஓர் ஊர். நிறவெறி ஆட்சி, சுரங்க முதலாளிகளுக்கு மலிவான கூலியாட்களைத் திரட்டிக் கொடுத்த பிரதேசம் அது. ஆண்கள் தூரத்துச் சுரங்கங்களுக்குப் போவார்கள். குடும்பம் ஊரில் காத்திருக்கும். போனில் நாலு வார்த்தை பேசினாலே கையிலுள்ள காசு கரைந்துவிடும். பல வீடுகளில் மின்சாரம் கிடையாது. போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் காசு கொடுக்க வேண்டும்.

கம்பெனிகளின் விலைமுறை ஏழைகளுக்கு விரோதமானது என்று அந்நாட்டுப் போட்டிக் கமிஷனே 2019 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. டேட்டாவைச் சிறுகச் சிறுக வாங்கும் ஏழை, மொத்தமாக வாங்கும் பணக்காரனைவிட அதிக விலை கொடுக்கிறான். நமக்கு இது புதிதா? ஆழாக்கு அரிசி வாங்குகிறவனுக்கு ஒரு விலை, மூட்டையாக வாங்குகிறவனுக்கு ஒரு விலை! அதே கணக்குத்தான்.

நீங்களே செய்யுங்கள்!

2012-ல் மேற்குக் கேப் பல்கலைக் கழகத்தினர் ஊராரோடு சேர்ந்து வேலையைத் துவக்கினார்கள். 2014-ல் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. பெயர் 'ஜென்ஸெலேனி'. கோசா மொழியில் 'நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று பொருள்.

வேலைமுறை எளிது. சில வீடுகளில் சிறு வைஃபை கருவிகளைப் பொருத்தினார்கள். கட்டிட வேலையில் செங்கல் கைமாறுவது போல, செய்தி ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவும். கருவிகளுக்குச் சூரிய வெளிச்சத்தில் நிரம்பும் பாட்டரி. ஊருக்குள் பேச்சு இலவசம். அதே பாட்டரியில் குறைந்த கட்டணத்துக்குப் போன்களுக்குச் சார்ஜ். அந்த வருமானம் சங்கத்துக்கு. பிறகு இண்டர்நெட்டும் வந்தது.

சட்டம் குறுக்கே நின்றது. இத்தகைய சேவை நடத்த லைசென்ஸ் வேண்டும். ஏழைச் சங்கத்துக்கு அந்தச் செலவு தாங்குமா? விலக்குக் கேட்டு மனுச் செய்து, விலக்குப் பெற்றார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

நமது நாட்டில் 2020 டிசம்பரில் மத்திய சர்க்கார் அங்கீகரித்த 'வாணி' திட்டத்தின்படி, பொது இடத்தில் வைஃபை சேவை தரும் சிறு நிலையத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை. பெட்டிக்கடைக்குத் திறந்த இந்த வழி, தொழிலாளர் கூட்டுறவுக்கு மட்டும் மூடியிருக்க வேண்டுமா?

ஆனால் கருவி வாங்குவது சுலபம். சங்கத்தைக் காப்பதுதான் கஷ்டம். இடி விழுந்து பெட்டி எரிந்தால் பழுது பார்க்க ஊரிலேயே நாலு இளைஞர்கள், பெண்கள் உட்பட, தொழில் கற்றிருக்க வேண்டும். மாதாமாதம் வரவு செலவு எல்லோர் முன்னிலும் படிக்கப்பட வேண்டும். பணக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. சேரிக்கு வலை எட்டவில்லையென்றால் அது கூட்டுறவே அல்ல!

ஒரு மயக்கமும் வேண்டாம். ஊருக்குள் வலை நம்முடையதானாலும், ஊருக்கு வெளியே செல்லும் பெரிய பாதை கம்பெனிகளின் கையில்தான். 1864-ல் அகிலத்தின் துவக்க உரையில் கூட்டுறவு இயக்கத்தைப் பாராட்டிய மார்க்ஸ், அது மட்டும் ஏகபோகத்தை வீழ்த்தாது என்றும் எச்சரித்தார். ஆகவே பொதுத்துறைத் தொலைபேசி நிலைக்க வேண்டும், அலைவரிசையில் ஜனங்களுக்குப் பங்கு வேண்டும் என்ற போராட்டமும் கூடவே நடக்க வேண்டும்.

தோழர்களே! மான்கோசி ஜனங்களிடம் மூலதனம் இல்லை. ஒற்றுமை இருந்தது. அது நம்மிடமும் இருக்கிறது. முதல் கூரையைத் தேர்ந்தெடுப்போம்!