அவசரப்பட்டு சுவிட்சைப் போடாதீர்கள்!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2010-இல் இதே கல்லூரியில் மின்னணுவியல் முடித்தவன் நான். 'உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள்' என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். தொழிலைப் பற்றிப் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் சனி, ஞாயிறுகளில் நான் செய்யும் ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பழைய கணினிகளையும் டிவி கேம் பெட்டிகளையும் தேடிப் பிடித்து, உயிர் கொடுத்து ஓடவைப்பதுதான் அது. வீட்டில் இதற்கு வேறு பெயர்: 'குப்பை சேர்ப்பது.'

இந்தப் பைத்தியம் டிவி கேமில் தொடங்கியது. 1983-இல் ஜப்பானில் நின்டென்டோ 'ஃபேமிகாம்' என்ற பெட்டியை வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்த நகல்கள் 1990-களில் நம் ஊர் பஜார்களில் வந்து குவிந்தன. கேசட் ஓடவில்லை என்றால் நாம் எல்லோரும் என்ன செய்தோம்? எடுத்து வாயால் ஊதினோம்! ஊதியதும் ஓடியது. உண்மையில் வேலை செய்தது ஊதியது அல்ல, கழற்றித் திரும்பச் செருகியதுதான். ஊதும்போது போன ஈரம் தாமிர முனைகளை மெல்ல அரித்தது. இன்று அந்தக் கேசட்டுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைக்கிறேன். சிறுவயதில் செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம்.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது வேறொரு பெட்டியின் கதை.

1981 டிசம்பரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 'பி.பி.சி. மைக்ரோ' என்ற கணினியை வெளியிட்டது. அதன் மூளை 6502 என்ற சில்லு, வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். 'பி' மாடலில் நினைவகம் 32 கிலோபைட். கிலோபைட்தான், தவறாகக் காதில் விழவில்லை. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படம்கூட அதில் அடங்காது. 1984-இல் நம் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, சுமார் 250 பள்ளிகளில் கணினியை அறிமுகப்படுத்தியபோது தேர்ந்தெடுத்தது இந்த இயந்திரத்தைத்தான்.

அப்படி வந்த ஒன்று நான் படித்த பள்ளியில் இருந்தது. நான் சேர்ந்த காலத்தில் அது ஒரு பூப்போட்ட உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரு சீட்டு: 'தொடாதே'. 2018-இல் பள்ளியில் பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். செய்தி தெரிந்து ஓடினேன். அதற்குள் அது காயலான் கடைக்குப் போய்விட்டது. கடைக்காரர், 'இதுல தாமிரம் ஒண்ணும் பெருசா இல்ல தம்பி, எண்ணூறு ரூபா குடு' என்றார். கொடுத்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் வீடு வந்தேன்.

வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? பொறியியல் படித்தவன், எட்டு வருட அனுபவசாலி. சுவிட்சைப் போட்டேன்! பத்து நிமிடம் கழித்து 'டப்' என்று ஒரு சத்தம். அறை முழுவதும் புகை, மீன் கருகிய மாதிரி நாற்றம். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்கள்.

காரணம் எளிது. அக்காலத்து மின்வழங்கிகளில், வீட்டு மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டக் காகித மின்தேக்கிகளைப் போட்டார்கள். வயதானால் அவற்றின் மேலுறை வெடிப்பு விடும். வெடிப்பு வழியே ஈரக்காற்று உள்ளே போகும். அதற்குப் பிறகு 230 வோல்ட் கொடுத்தால் புகையாமல் என்ன செய்யும்? புதிய பாலிபுரொப்பிலீன் மின்தேக்கி போட முப்பது ரூபாய்கூட ஆகவில்லை. முதலிலேயே பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்கும். மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்வழங்கிக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அளந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

அடுத்து, இயந்திரம் தொடங்கும்போது முதலில் ஒரு கனத்த ஒலி, பிறகு ஒரு 'பீப்' வர வேண்டும். என்னுடையது கனத்த ஒலியிலேயே நின்று ஊளையிட்டது. ரோம் சில்லுகளை ஒவ்வொன்றாக மெல்ல நெம்பி எடுத்துக் கால்களைத் துடைத்துத் திரும்பச் செருகினேன். கேசட் வைத்தியமேதான், ஊதாமல்! இரண்டாவது 'பீப்' வந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுநாள், அந்த இயந்திரத்தில் பாடம் நடத்திய கணக்கு சாரைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போனவர், ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே நான்கு ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகள். ஒன்றின் மேல் அவர் கையெழுத்தில்: 'பிளஸ் ஒன் பசங்க புரோகிராம், 1987'.

நண்பர்களே, இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. புகை கற்றுக்கொடுத்த பாடத்தை நான் கற்கவில்லை. ஆர்வத்தில் அந்த ஃபிளாப்பியையே முதலில் எடுத்து டிரைவில் சொருகினேன். சிலேட்டில் ஆணி கீறுவது போன்ற சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால், பழுப்புப் பூச்சு வட்டமாகச் சுரண்டப்பட்டுக் கண்ணாடி போலத் தெரிந்தது. தட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சையும் டிரைவின் தலையும் சேர்ந்து, முப்பது வருடம் தப்பிப் பிழைத்ததை ஐந்து நொடியில் அழித்துவிட்டன. வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்திருந்தால் போதும்.

சாரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். 'அந்த வருஷப் பசங்க எழுதுனதெல்லாம் அதுலதான்பா இருந்தது' என்றார். பிறகு, 'சரி, மிச்சம் மூணையும் பொறுமையாப் பாரு' என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மீதி மூன்றுக்கும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். உறையின் ஓரத்தைப் பிரித்து, தட்டை வெளியே எடுத்து, ஆல்கஹாலால் கழுவி, நிழலில் உலர்த்தி, வேறு உறையில் போட்டுப் படித்தேன். ஒவ்வொரு முறையும் டிரைவின் தலையைத் துடைத்தேன். இரண்டு முழுதாக வந்தன. மூன்றாவதில் பாதி வந்தது. உடனே பிரதி எடுத்துப் பல இடங்களில் சேமித்துவிட்டேன்.

அதில் சார் எழுதிய ஒரு சின்ன நிரல் இருந்தது. ஏ, பி, சி என்று மூன்று எண்களைக் கேட்டு, இருபடிச் சமன்பாட்டின் வளைவைத் திரையில் வரையும். இயந்திரத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோய் டிவியில் இணைத்தேன். பேத்தி வந்து எட்டிப் பார்த்தாள். ஏ-க்கு மைனஸ் போட்டதும் கிண்ணம் கவிழ்ந்து குன்றானது. 'தாத்தா, ஏ-க்குப் பூஜ்யம் போட்டா என்ன வரும்?' என்று கேட்டாள். சார் சிரித்தார். 'இதையேதான் அந்தப் பசங்களும் கேட்டாங்க. நீயே போட்டுப் பாரு' என்றார். போட்டாள். வளைவு நேர்கோடாகியது. நான் கொடுத்த எண்ணூறு ரூபாய்க்கு அந்த ஒரு கோடே போதும்.

பழுது பார்ப்பது ஒன்று, மாற்றி அமைப்பது வேறொன்று. என் முதல் டிவி கேம் பெட்டியில் படம் தெளிவாக வர ஒரு டிரான்சிஸ்டர் சேர்த்து, கம்பி விட உறையில் துளை போட்டேன். படம் தெளிந்தது, உறை கெட்டது. அதன் பிறகு எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்று: எதைச் சேர்த்தாலும் நாளை ஒருவர் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும்.

பி.பி.சி. மைக்ரோவில் இதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. அடிப்பக்கத்தில் 'டியூப்' என்று ஓர் இணைப்பு. இரண்டாவது செயலியைச் சேர்ப்பதற்கானது. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சில்லை, 1985 ஏப்ரல் 26 அன்று இப்படி ஒரு பி.பி.சி. மைக்ரோவோடு இணைத்துத்தான் ஓட்டிப் பார்த்தார்கள். உங்கள் சட்டைப்பையில் உள்ள கைபேசி அந்தச் சில்லின் வம்சம்தான். 2012-இல் வந்த ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்குள்ளும் ஆர்ம்தான். அதை நான் அந்த டியூபில் மாட்டியிருக்கிறேன். பேரன் தாத்தா வீட்டுக்கு வந்தது மாதிரி! ஒரு துளைகூடப் போடவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் மின்னணு ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள கிடங்கில் பழைய கணினிகளும் ஃபிளாப்பிப் பெட்டிகளும் கிடக்கின்றன. காலையில் போய்ப் பார்த்தேன். அவை கழிவுப் பட்டியலில் இருக்கின்றன என்றும் கேள்விப்பட்டேன். சில பலகைகளில் பேட்டரி கசிந்து தாமிரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. ஏலத்துக்கு முன் ஓர் அறையும் ஒரு பருவமும் கொடுங்கள் என்று முதல்வர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கருவிகள் என் பொறுப்பு. மாதம் ஒரு சனிக்கிழமை நான் வருகிறேன். மூத்தவர்களே, உங்கள் புராஜெக்ட் அந்தப் பெட்டிகளில் இருக்கக்கூடும். உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கக்கூடும். எடைக்குப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தம்பி தங்கைகளே, நீங்கள் வாருங்கள். வந்து முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். சுவிட்சை மட்டும் அவசரப்பட்டுப் போடாதீர்கள்.