வெடியோசையும் வீட்டுப் பிராணிகளும்

கம்பம் நகரிலிருந்து மேற்கு நோக்கி மலையேறும் சாலை, வளைந்து வளைந்து சென்று, கம்பம்மெட்டு என்னும் சிற்றூரில் மாநில எல்லையைத் தொடுகிறது. கிழக்கே தேனி மாவட்டம். மேற்கே இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலைத் தாலுகா. ஏலத்தோட்டங்களில் காய் பறிக்க வருவோரை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஜீப்புகள் இம்மலையேறி வருவது அங்கு நாள்தோறும் காணும் காட்சி. அவ்வூர் மக்களிற் பலர் இரண்டு மொழி பேசுவர். இரண்டு நாட்டுப் பண்டிகைகளையும் கொண்டாடுவர். மனிதருக்கு இது ஒரு பேறுதான். அவர்கள் வளர்க்கும் நாய்க்கும் பூனைக்கும் அப்படியன்று. ஐப்பசியில் தீபாவளி வெடி. மார்கழியில் கிறிஸ்துமஸ், அதனைத் தொடர்ந்து புத்தாண்டு. தை மாதத்தில் தேவாலயத் திருநாள். சித்திரை பிறந்தால் விஷு. இவை போதாவென்று, காட்டுப் பன்றியை விரட்டத் தோட்டக்காரர் கொளுத்தும் வெடிகள் வேறு. சமவெளியில் ஆண்டுக்கு ஓரிரு நாள் நடுங்கும் பிராணி, எல்லையிற் பிறந்த காரணத்தால் இங்கே பலமுறை நடுங்குகிறது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் ஆகையால், சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல நேயர்கள் இடம் தர வேண்டும். வானத்தில் வெடித்துச் சிதறும் மத்தாப்புகளை நாம் 'வாணவேடிக்கை' என்கிறோம். மலையாளத்தார் 'வெடிக்கெட்டு' என்பர். பாலக்காட்டு மாவட்டத்து நெம்மாறையில் பங்குனியில் நடைபெறும் வேலைத் திருவிழாவில் அந்த வெடிக்கெட்டைக் காண எல்லை தாண்டி நம்மவரும் செல்வதுண்டு. நம் சொல்லில் களிப்பு இருக்கிறது; அவர்கள் சொல்லில் வெடி மட்டுமே இருக்கிறது. நாயைக் கேட்டால் மலையாளச் சொல்லே பொருத்தமானது என்று சொல்லும். அதற்கு அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

ஏன் இல்லை? மனிதச் செவி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே கேட்கும். நாயின் செவி 45,000 வரையிலும், பூனையின் செவி 64,000 வரையிலும் கேட்க வல்லது. நமக்கு எட்டாத கீச்சொலிகளும் அவற்றுக்கு எட்டுகின்றன. நம் நாட்டு விதிகளின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலி எழுப்பும் வெடிகளைச் செய்வதும் விற்பதும் குற்றம். அந்த அளவே மனிதக் காதுக்கு வலி தரக்கூடியது என்றால், நாயின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் ஒலியின் பெருக்கம் மட்டுமே காரணமன்று. இடி வருமுன் காற்று மாறுகிறது, வானம் இருளுகிறது. பிராணிக்கு ஓர் அறிகுறி கிடைக்கிறது. வெடியோ முன்னறிவிப்பின்றி வருவது. எப்பொழுது, எங்கிருந்து, இன்னும் எத்தனை என்பதொன்றும் தெரியாது. மலைப்பகுதியில் இத்துன்பம் இரட்டிக்கிறது. கீழே பள்ளத்தாக்கில் வெடித்த வெடியின் ஓசை மலைச்சரிவில் மோதி மீண்டும் வருகிறது. ஓசை வந்த திசைக்கு எதிர்த்திசையில் ஓட நினைக்கும் நாய்க்கு, எல்லாத் திசையிலிருந்தும் ஓசை வந்தால் எங்கே ஓடுவது?

அச்சங்கொண்ட நாய் குரைக்கும் என்றே பலர் எண்ணுகின்றனர். குரைக்காத நாய்தான் பெரும்பாலும் மிகுதியாக அஞ்சுகிறது. வாலை ஒடுக்கிக்கொள்ளும், காதைப் பின்னே மடிக்கும், களைப்பின்றியே இளைக்கும், உறக்கமின்றியே கொட்டாவி விடும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், விருப்பமான கறித்துண்டையும் தொடாது. பூனை பரண்மேல் ஏறி ஒளிந்துவிடும். இரண்டு நாள் கழித்து வந்தாலும் வியப்பில்லை. கறவை மாடும் விலக்கன்று. அச்சத்தால் உடலிற் சுரக்கும் அட்ரினலின், பாலை மடியிலிருந்து இறங்கச் செய்யும் சுரப்பின் வேலையைத் தடுத்துவிடுகிறது. தீபாவளியன்று மாடு பாலை அடக்கிக்கொண்டது என்று சலித்துக்கொள்பவர் மாட்டைக் குறை கூறுதல் தகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளியின்போது கம்பம்மெட்டுக்கு அருகில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்துத் தோட்ட லயத்தில் ஒரு மூதாட்டி தனியே வாழ்ந்துவந்தார். மக்கள் கீழே சமவெளியில். துணைக்கு ஒரு செந்நிற நாட்டு நாய். வெடி தொடங்குமுன், ஓடிவிடக் கூடாதே என்று அதனைத் திண்ணைத் தூணிற் கட்டியிருந்தார். நல்லெண்ணத்துடன் செய்ததுதான். இரவு எட்டு மணிக்கு ஒரு சரவெடி முழங்கியதும் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு மூடுபனிக்குள் மறைந்தது. மூதாட்டி வாயிற்படியில் அமர்ந்து அழுதார். 'நாய்தானே, வேறு குட்டி கிடைக்காதா' என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதனை இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன். இரண்டு இளைஞர்கள் டார்ச் விளக்குடன் தேயிலைச் சரிவுவரை சென்று தேடினர். ஒருவர் தமக்குத் தெரிந்த ஜீப் ஓட்டுநர்களுக்கெல்லாம் கைப்பேசியிற் பேசினார். அண்டை வீட்டுப் பெண் அன்றிரவு முழுவதும் மூதாட்டியுடனேயே இருந்தாள். "அம்மாச்சி, அழுகாதீங்க, கீழே போற ஜீப்புக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது காதில் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள், மலைச்சாலையின் ஒரு வளைவுக்குக் கீழே அந்நாயைக் கண்டு ஜீப்பில் ஏற்றி வந்தனர். ஒரு காலை நொண்டிற்று, மற்றபடி பிழைத்துக்கொண்டது.

நம் அகராதிகளிலும் அலுவலக ஏடுகளிலும் 'செல்லப் பிராணி' என்றெழுதுகிறோம். லயத்தில் அச்சொல்லை யாரும் வழங்குவதில்லை. தனித்து வாழ்பவர்க்கு அந்நாய் செல்லத்துக்காக வளர்ப்பதன்று. மாலையில் வீடு திரும்பும்பொழுது வாயிலில் எதிர்கொள்ளும் ஒரே உயிர். அவ்வாறு வளர்ப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது நல்லது. எந்த நாளில் எங்கே வெடி, யார் வீட்டு நாய் எதற்கு அஞ்சும், எவர் வீட்டில் உட்புற அறை உண்டு என்பவற்றை முன்கூட்டியே பகிர்ந்துகொண்டால், தேடி அலையும் இரவுகள் குறையும்.

இனி, நெடுங்காலமாக நிலவும் ஒரு தவறான கருத்தைப் பற்றிக் கூற வேண்டும். அஞ்சும் நாயைத் தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும். கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டும் என்று பயிற்சியாளர் சிலரும் கூறி வந்தனர். அச்சம் என்பது நாய் வேண்டுமென்றே செய்யும் செயலன்று. பரிசு கொடுத்தால் கூடுவதற்கு அது கைகொடுக்கும் வித்தையுமன்று. அது ஓர் உணர்ச்சி. நடுங்கும் குழந்தையை மடியில் இருத்திக்கொண்டால் அது நடுக்கத்தைக் கற்றுக்கொள்வதில்லை அன்றோ? நாய் நம்மிடம் வந்து ஒண்டினால் ஒண்டவிடலாம், மெல்லப் பேசலாம், நெஞ்சின் பக்கமாகக் கைவைத்து அமைதியாக இருக்கலாம். வேறிடத்தில் ஒளிந்துகொள்ள விரும்பினால் அதற்கும் விட்டுவிட வேண்டும். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்து ஆறுதல் கூறுவது ஆறுதலாகாது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஸ்டெஃபனி ரீமர் என்னும் அம்மையார், நாய் வளர்ப்போர் 1,225 பேரிடம் திரட்டிய செய்திகளை 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டார். வெடி கேட்டவுடன் தின்பண்டம் கொடுத்தோ, விளையாட்டுக் காட்டியோ பழக்கியவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பயன் கண்டதாகக் கூறினர். மூலிகைச் சாறு முதலியவற்றால் பயன் கண்டோர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. இதற்கு அடிப்படை, ருஷ்ய அறிஞர் பாவ்லோவ் நாய்களைக் கொண்டு கண்டறிந்த உண்மைதான். ஓசையைத் தொடர்ந்து தவறாமல் உணவு வருமானால், ஓசையே உணவின் முன்னறிவிப்பாகிவிடும். வரிசையில் மட்டும் கவனம் வேண்டும்: முதலில் வெடி, பிறகே தின்பண்டம். மாற்றிக் கொடுத்தால், தின்பண்டத்தைக் கண்டே நாய் நடுங்கத் தொடங்கும்.

பண்டிகைக்குச் சில வாரம் அல்லது சில மாதம் முன்னரே பழக்கத் தொடங்குவது மேலும் சிறந்தது. வெடியோசையைப் பதிவு செய்த ஒலியை, நமக்கே அரைகுறையாகக் கேட்கும் அளவில் வைத்து, உடனே ஒரு துண்டு கருவாடோ வேகவைத்த கோழியோ கொடுக்கலாம். நாய் நிம்மதியாகத் தின்றால் சில நாள் கழித்து ஒலியைச் சிறிது கூட்டலாம். தின்ன மறுத்தால் நாம் விரைந்துவிட்டோம் என்று பொருள். மறுபடி குறைக்க வேண்டும். குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் மூன்றாம் மாதம் வரை, உலகத்து ஓசைகளுக்குப் பழகுவதற்கு ஏற்ற பருவம். அக்காலத்தில் பாத்திர ஓசை, ஜீப்பின் ஓசை எல்லாம் மெல்லப் பழகியிருப்பது பிற்காலத்தில் உதவும். இதுவரை அஞ்சாத வயதான நாய் திடீரென்று ஓசைக்கு அஞ்சத் தொடங்கினால், மூட்டுவலி போன்ற நோய் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஓசையால் உடல் விறைக்க, விறைப்பால் வலி மிக, வலியால் ஓசையின்மேல் அச்சம் ஏறுவதுண்டு.

அன்றைய நாளைப் பொறுத்தவரை, நேரத்தை அறிந்திருப்பதே பாதி வேலை. உச்சநீதிமன்றத்தின் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டித் தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் வெடிக்கலாம் என்று அரசு வகுத்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளுக்கு அத்தீர்ப்பு குறித்த நேரம் 11.55 முதல் 12.30 வரை. எல்லோரும் கடிகாரம் பார்த்துக் கொளுத்துகிறார்கள் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஆனாலும் அந்நேரத்துக்கு வெகு முன்னரே நாயை வெளியே அழைத்துச் சென்று உலவவிட்டு, உணவும் தண்ணீரும் கொடுத்துவிட வேண்டும். பின்பு வீட்டின் நடுவறையில், சன்னல்களைச் சாத்திக் கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்குப் பழக்கமான பழந்துணியைப் பரப்பி வைக்கலாம். பூனைக்கு ஓர் அட்டைப்பெட்டி போதும். கட்டிப்போடுதல் கூடாது, கழுத்துப் பட்டையில் கைப்பேசி எண் எழுதிய தகடு இருத்தல் நன்று. விருந்தினர் வந்து போகும்போது கதவு திறந்தே கிடப்பதுதான் பல பிராணிகள் தொலைவதற்குக் காரணம். ஆகவே உள்ளறைக் கதவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வானொலியைத் திறந்து வைப்பதும் உதவும். சீராக ஒலிக்கும் பேச்சும் இசையும் தொலைவிலுள்ள வெடியை ஓரளவு மறைக்கும். என் போன்றோர் பேச்சு மனிதரை உறங்க வைக்கிறது என்று சொல்வதுண்டு. நாயையும் உறங்க வைக்குமானால் மகிழ்ச்சியே.

இவ்வளவும் செய்தும் உயிருக்கு அஞ்சி முட்டி மோதும் பிராணிகள் உண்டு. அவற்றுக்கு மருந்து தருவது அவமானமன்று. ஆனால் கால்நடை மருத்துவரைப் பண்டிகைக்கு முன்பே கண்டு கேட்க வேண்டும். உடலை அசையாமற் செய்துவிட்டு அச்சத்தை மட்டும் உள்ளே அப்படியே விடும் மருந்துகளும் உள்ளன. வெளியே பார்ப்பவருக்கு நாய் அமைதியாகக் கிடப்பது போலத் தோன்றும். அச்சத்தையே தணிக்கும் மருந்து வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் மனிதருக்கென வைத்திருக்கும் மாத்திரைகளைத் தொடவே கூடாது. பாரசிட்டமால் பூனையின் உயிரையே போக்கும்.

பிராணிகளுக்காக வெடியையே துறந்தவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்னும் ஊரார், தங்கள் கண்மாய்களுக்கு வந்து கூடுகட்டும் பறவைகள் கலையாதிருக்கப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அக்கண்மாய்கள் 1977-ஆம் ஆண்டில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையினர் அவ்வூராருக்கு இனிப்பு வழங்கிப் பாராட்டுவர். எல்லோரும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சிவகாசியை நம்பி வாழும் குடும்பங்களும் உண்டு, மத்தாப்புக்காக ஆண்டு முழுதும் காத்திருக்கும் குழந்தைகளும் உண்டு. ஓசையில்லாத பூவாணமும் தரைச்சக்கரமும் குழந்தைக்குப் போதும். தெருநாயின் வாலில் ஓலைவெடியைக் கட்டுவதை மட்டும் விளையாட்டு என்று கண்டும் காணாதது போல் விடாதீர்கள். பிராணிகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரிய குற்றம்.

ஓசை அடங்கிய பின்பும் ஒரு வேலை எஞ்சி நிற்கிறது. வெடிக்காத வெடியிலும் சிதறிய காகிதத்திலும் பேரியம் முதலிய நச்சு உப்புகள் இருக்கும். நாய் அவற்றை மோந்து, நக்கி, விழுங்கவும் கூடும். மறுநாட் காலையில் முற்றத்தையும் வாசலையும் பெருக்கி, குப்பையை ஈரப்படுத்தி அகற்றிய பிறகே உள்ளறைக் கதவைத் திறக்க வேண்டும்.