ஜாவா அத்தியின் கீழ் அலிஸ்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



எழுபதுகளின் நடுப்பகுதியில் எட்டாம் வகுப்பில் இருந்த எங்களுக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறீர்கள். நாங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதினோம், ஒருத்தி வாசிக்கிறாள். பாண் கியூவைப் பற்றிப் பேசலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம், அலிஸைப் பற்றிப் பேசுவோம் என்று முடிவாயிற்று.

அந்த வருடம் வகுப்புச் சுற்றுலா என்றால் பேராதனைப் பூங்காதான். அதற்கு அப்பால் போகக் காசில்லை. 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி வளைத்து ஓடுகிறது என்று ஆங்கில டீச்சர் பஸ்ஸிலேயே குறிப்பெடுக்க வைத்தார். பெரிய புல்வெளியில் குடை விரித்து நிற்கும் ஜாவா அத்தியின் கீழ் அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் சாப்பிட்டோம். பிறகு, "கொப்பியை மூடுங்கோ" என்றார்.

1862 ஜூலை 4ஆம் திகதி ஒக்ஸ்போர்டில் கணிதம் படிப்பித்த ஒருவர் மூன்று சகோதரிகளைப் படகில் கூட்டிப் போனபோது சொன்ன கதை அது. நடுப் பிள்ளை அலிஸுக்கு வயது பத்து. எழுதித் தாருங்கள் என்று அவள் விடாமல் கேட்டபடியால் 1865இல் புத்தகமாகவும் வந்தது. லூயிஸ் கரோல் என்பது அவருடைய புனைபெயர். இளவரசன் வந்து காப்பாற்றும் கதைகளையே கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதுமை. முயல் வளைக்குள் விழுந்தவளைக் காப்பாற்ற ஒருவரும் வரவில்லை. அழுதாள், அழுத கண்ணீரிலேயே நீந்திக் கரை சேர்ந்தாள்.

அதைத் தமிழில் நாடகமாக்கினோம். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம், கலர்க் கடதாசி கிடையாது. கோதுமை மாச் சாக்குகள்தான் சீட்டுக்கட்டு வீரர்கள். அலிஸாக நடித்தவள் ஹந்தானைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. வகுப்பில் வாய் திறக்காதவள், மேடையில் வேறு ஆள். ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியை ஒத்திகை பார்த்துவிட்டு, கடைசி விசாரணைக் காட்சியை வெட்டச் சொன்னார். ஒரு சிறுமி அரசியைப் பார்த்து, நீங்கள் வெறும் சீட்டுக்கட்டு என்று சொல்வதா? "அதை வெட்டினால் கதையில் என்ன மிச்சம்?" என்றார் எங்கள் டீச்சர். காட்சி நின்றது. மயிர்க்கொட்டியின் ஹூக்காதான் போயிற்று. அதில் எங்களுக்குக் கவலையில்லை.

அந்த மயிர்க்கொட்டி அலிஸிடம், நீ யார் என்று கேட்கும். அவளால் பதில் சொல்ல முடியாது. காலையிலிருந்து எத்தனையோ தரம் மாறிவிட்டாள். ஒத்திகையில் அந்த இடத்தில் எங்கள் அலிஸ் ஒவ்வொரு நாளும் தடுமாறினாள். வசனம் மறந்துவிட்டாள் என்று நாங்கள் சிரித்தோம். அவளுடைய குடும்பம் இந்தியக் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை அனுப்புவதென்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள் என்று சமூகக்கல்விப் பாடத்தில் மனப்பாடம் செய்திருந்தோம். பக்கத்து வாங்கில் இருப்பவளும் அந்தத் தொகைக்குள் ஒருத்தி என்று யார் நினைத்தோம்!

நாடகம் நடந்தது. விசாரணைக் காட்சியில் அவள் குரல் மண்டபத்தின் பின்சுவர்வரை கேட்டது. மூன்றாம் மாதம் கண்டி ஸ்டேஷனில் தலைமன்னார் போகும் கோச்சியில் ஏறினாள். ஒப்பாரிக் கோச்சி என்று தோட்டங்களில் சொல்வார்கள். ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மேடையில் உடுத்த நீலச் சட்டையையே போட்டிருந்தாள். அவளிடம் இருந்த நல்ல சட்டை அதுதான். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பேசிக்கொண்டு போனோம். சனக்கூட்டத்தில் கேட்க முடியவில்லை.

நீலகிரியில் கூடலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, குளிர் நம்மூரைவிட அதிகம், மாலையில் லயத்துப் பிள்ளைகளுக்கு அலிஸ் கதை சொல்கிறேன் என்று எழுதியிருந்தாள். நாங்கள் பதில் போட்டோம். பிறகு ஒன்றும் வரவில்லை.

இந்த மலர் பல நாடுகளுக்குப் போகிறது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கும் சகோதரிகள் யாருக்காவது அவளைத் தெரிந்தால் சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதுங்கள். முயலாக நடித்தவளிடம் அந்தச் சாக்குக் காது இன்னும் இருக்கிறது.