கரையேற்றிய படகின் பாதுகாப்பு

(கடலோரக் கிராமத்து மீனவர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



சோழமண்டலக் கரையில் ஐப்பசி பிறந்ததும் வாடைக்காற்று எழுகிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் கடல் கொந்தளிப்பதும், துறைமுகங்களில் புயற் கூண்டு ஏற்றப்படுவதும், சிறு படகுகள் பல நாட்கள் கரையிலேயே கிடப்பதும் ஆண்டுதோறும் நிகழ்வன. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. மீன் பிடிப்போன் வீட்டில் வருமானம் குன்றும் காலம் இது. அவனுடைய படகிற்கோ ஓய்வுக் காலம் என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையானது. கடலில் ஓடும் படகை எந்நேரமும் ஒருவன் கவனித்துக்கொண்டிருக்கிறான். நீர் கசிந்தால் இறைக்கிறான். பலகை அசைந்தால் உடனே அறிகிறான். கரையில் கிடக்கும் படகைப் பார்ப்பாரில்லை. ஆதலால், கடலில் தப்பிய படகு கரையில் கெடுகிறது.

கேடு விளையும் விதம்

மரப்படகிற்குப் பகை இரு திறத்தது. ஒன்று கடலில் உள்ளது. மற்றொன்று கரையில் உள்ளது. கடலில் உள்ள பகை, மரத்தைத் துளைத்து வாழும் கப்பற்புழு. புழு என்று பெயர் பெற்றிருப்பினும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த ஜீவனாகும். படகைக் கரையேற்றி நன்றாக உலர்த்தினால் அது மடிந்துபோகும். கரையேற்றுதல் நன்மையே என்பதில் ஐயமில்லை.

கரையில் உள்ள பகையோ மழைநீர். உப்புநீரில் நனைந்த மரத்தில் அழுகலை உண்டாக்கும் பூஞ்சை எளிதில் வளர்வதில்லை. மழைநீர் உப்பைக் கழுவி, பலகை இடுக்குகளிலும் வங்குகளின் அடியிலும் தங்கி நிற்குமாயின், பூஞ்சைக்கு வேண்டிய ஈரமும் நிழலும் தாமே அமைந்துவிடுகின்றன. மரத்திலுள்ள ஈரம், அம்மரத்தின் உலர்ந்த எடையில் 100-க்கு 20 பங்கிற்குக் குறைந்திருக்கும் வரையில் அழுகல் உண்டாவதில்லை. அதற்கு மிகுந்து நெடுநாள் நிற்கும்பொழுதே கேடு தொடங்குகிறது. எனவே, படகு நனையாமலிருக்க வேண்டும் என்பதைவிட, நனைந்தது விரைவில் உலர வேண்டும் என்பதே முக்கியமான விதியாகும்.

நீரின் பாரமும் அற்பமானதன்று. வாய்ப்பரப்பு 80 சதுர அடியுள்ள ஒரு படகில், ஓர் அங்குல மழை பெய்தால் சேரும் நீரின் எடை ஏறக்குறைய 190 கிலோ. ஒரே நாளில் நான்கு அங்குலம் பெய்வது இக்கரையில் அபூர்வமன்று. அவ்வாறு பெய்தால் முக்கால் டன் பாரம் படகினுள் ஏறிவிடும். கடலில் மிதக்கும்பொழுது சுற்றிலுமுள்ள நீர் படகைத் தாங்குகிறது. மணலில் கிடக்கும்பொழுதோ ஏராவும் இரண்டொரு மேடுகளும் மட்டுமே அப்பாரம் முழுவதையும் தாங்க வேண்டியிருக்கின்றன. ஏரா வளைவதும், ஆணிகள் நெகிழ்வதும், பலகைகள் வாய் பிளப்பதும் இதனாலேயே.

பைபர்ப் படகும் விலக்கன்று

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், இழந்த படகுகளுக்கு ஈடாகக் கண்ணாடி இழையாலான பைபர்ப் படகுகள் பெருந்தொகையில் இக்கரைக்கு வந்தன. பைபருக்கு அழுகல் இல்லை, கறையான் இல்லை, ஆகவே கவனமும் வேண்டுவதில்லை என்ற எண்ணம் அவற்றுடன் பரவிற்று. இழைக்கு அழுகல் இல்லை என்பது மெய்யே. ஆயினும், மேற்பூச்சில் உண்டான கீறல் வழியாக நீர் உட்புகுந்தால் இழையும் பசையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். இயந்திரம் மாட்டும் கடையாற் பலகையின் உள்ளே மரம் வைத்துக் கட்டிய படகுகளில், ஆணித்துளை வழியே இறங்கிய நீர் அம்மரத்தை வெளியே தெரியாமல் உளுக்கச் செய்கிறது. வெயிலோ மேற்பூச்சைச் சுண்ணாம்புபோல் உதிரச் செய்கிறது. மேலும், பைபர்ப் படகு இலேசானதாகையால் புயற்காற்றில் எளிதில் புரளும். மரப்படகினும் பன்மடங்கு உறுதியாக அதனைக் கட்டி வைத்தல் வேண்டும்.

செய்ய வேண்டிய வேலைகள்

முதலாவது, இடம். பெரு அலை ஏறும் எல்லைக்கு அப்பால், முகத்துவாரத்திற்கும் ஓடைக்கும் விலகிய மேட்டில் படகை வைக்க வேண்டும். தென்னை, பனை இவற்றின் கீழ் வைத்தலாகாது. ஒரு படகிற்கும் அடுத்த படகிற்கும் இடையே ஆள் நடக்கத்தக்க வெளி இருக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த இரவில், தஞ்சாவூர் ஜில்லா மல்லிப்பட்டினம் துறையில் நெருங்கி நின்ற விசைப்படகுகள் ஒன்றன்மீது ஒன்று மோதி நொறுங்கின. நெருக்கிக் கட்டுவது பாதுகாப்பு என்று நினைப்போர் இதனை மறத்தல் கூடாது.

இரண்டாவது, துப்புரவு. கரையேறிய அன்றே, ஈரம் உலருமுன், அடிப்புறத்தில் ஒட்டியுள்ள கொட்டலசையும் பாசியையும் சுரண்டிவிட வேண்டும். உலர்ந்த பின்னர் அவை கல்போல் இறுகிவிடும். உட்புறத்தில் தங்கிய மீன்கழிவு, மணல், சேறு யாவற்றையும் அகற்றி, வங்குகளுக்கிடையே நீர் ஓடும் வழிகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிட வேண்டும். பிறகு கூர்மையான கத்திமுனையால் பலகை முனைகளையும், வங்குகளின் அடியையும், ஆணிகளின் ஓரத்தையும் மெல்லக் குத்திப் பார்த்தல் அவசியம். நல்ல மரம் முனையைத் தடுக்கும். உளுத்த மரம் இடங்கொடுக்கும். ஆணியைச் சுற்றிக் கருமை படர்ந்திருப்பின், இரும்பு துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கிறதென்று அறியலாம்.

மூன்றாவது, தாங்கல். வெறுமணலில் படகைக் கிடத்துதல் ஈரத்திற்கும் கறையானுக்கும் அதனை ஒப்படைப்பதேயாகும். ஏராவின் கீழ் குறைந்தது மூன்று இடங்களில் அகன்ற கட்டைகளை இட்டு, ஓரடி உயரத்திலேனும் படகை நிறுத்த வேண்டும். பக்கங்களில் கொடுக்கும் முட்டு, வெறும் பலகையில் அழுந்தாது, உள்ளே வங்கு இருக்கும் இடத்தில் பொருந்த வேண்டும். அணியம் சற்று உயர்ந்தும் கடையால் தாழ்ந்தும் இருந்தால், விழும் மழை ஒரு பக்கமாக ஓடிவிடும். அடியில் நீர் வடியும் துளை இருப்பின் அதன் அடைப்பானைக் கழற்றி, மறுபடி இறக்கும்பொழுது மறவாதபடி, கண்ணிற்படும் இடத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுதல் நலம்.

நான்காவது, கூரை. தார்ப்பாயை இறுகப் போர்த்திவிட்டால் கவலை தீர்ந்தது என்பது பெருந்தவறு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் புழுங்கி, மழையினும் அதிகமான கேட்டைச் செய்யும். படகின் நெடுகில் ஒரு மூங்கிலை உயர்த்திக் கட்டி, அதன்மீது இருபுறமும் சரியும்படி கீற்று வேய்ந்து, இரு முனைகளையும் காற்றோட்டத்திற்குத் திறந்து வைப்பதே உத்தமமான முறை. இடையிடையே கடல் அமைதியுறும் நாட்களில் தொழிலுக்குச் செல்வோர் பலராகையால், கூரை ஒரு நாழிகையில் பிரிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் கூரையை முதலில் பிரித்துவிட வேண்டும். இல்லையேல், காற்றுக்கு அதுவே பாய்மரமாகிவிடும்.

ஐந்தாவது, கட்டு. கனத்த கட்டையொன்றை மூன்று நான்கு அடி ஆழத்தில் புதைத்து, அதிலிருந்து அணியத்தையும் கடையாலையும் தனித்தனிக் கயிற்றால் பிணைக்க வேண்டும். உழைத்துத் தேய்ந்த பழங்கயிற்றை இதற்கு உபயோகிப்பது சிக்கனமன்று.

ஆறாவது, இயந்திரம். அதனைக் கடையாலிலேயே விட்டுவைத்தல் தகாது. நல்ல நீரால் உப்பைப் போக்கி, பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் இட்டு, எரிபொருளையும் வடித்துவிட்டு, அடுப்பிற்கு எட்டாத உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். எண்ணெயை மறுபடி தொழிலுக்குப் போகும்பொழுது மாற்றிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால், பழைய எண்ணெயில் சேர்ந்த அழுக்கும் அமிலமும் அதுவரையில் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். வலைகளைக் கழுவி உலர்த்தி, எலிக்கு எட்டாதபடி உயரத்தில் தொங்கவிட வேண்டும். நைலான் வலைக்கு வெயில் ஆகாது.

கலப்பற்றும் எண்ணெயும்

பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைக்கும் கலப்பற்று வேலை, பைபர்க் கீறலுக்குப் பசையிட்டு ஒட்டும் வேலை, எண்ணெய் பூசும் வேலை ஆகிய யாவும் உலர்ந்த படகிலேயே நிலைக்கும். ஈரத்தின்மேல் பூசிய எண்ணெய், ஈரத்தை உள்ளே சிறைப்படுத்துவதொன்றே செய்யும். ஆகையால் இவற்றை ஆவணி, புரட்டாசியில் மழைக்கு முன்னரே முடித்துக்கொள்ளுதல் வேண்டும். எஞ்சியவற்றைத் தை பிறந்த பின் செய்யலாம். மீனெண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் நெடுங்காலமாக மரப்படகுகளுக்குப் பூசப்பட்டு வருவன. முந்திரிக்கொட்டை எண்ணெய் மேனியிற் பட்டால் புண்ணாக்கும். கைக்கு உறையிட்டே பூச வேண்டும். கட்டுமரமுடையோர் மரங்களை அவிழ்த்துத் தனித்தனியே உலர்த்தும் வழக்கம், மேற்கூறிய விதிக்கு இசைந்த நல்ல வழக்கமாகும். கன்னியாகுமரி ஜில்லாவின் மேல்கரையில் கடல் சீறுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவத்திலாகும். மாதம் மாறினும் முறை மாறாது.

சங்கம் செய்யத்தக்கவை

இவ்வேலைகளில் பெரும்பொருள் செலவாவது ஒன்றுமில்லை. வேண்டுவன கட்டை, கீற்று, கயிறு, எண்ணெய், இரண்டொரு நாள் உழைப்பு ஆகியனவே. இருந்தும் இவை ஏன் நடைபெறுவதில்லை? படகைக் கரையேற்றப் பலர் கை வேண்டியிருப்பதும், அவ்வமயம் ஒவ்வொருவரும் தம் படகிற்கே விரைவதும் ஒரு காரணம். கையிற் பணமில்லாத மாதத்தில் செலவு நேர்வது மற்றொரு காரணம்.

சென்னை மாகாணத்தில் ஐக்கிய நாணயச் சங்கங்களுக்கு வித்திட்ட அறிக்கையை 1895-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன் அவர்களே, பின்னர் 1907-ஆம் ஆண்டு முதல் அம்மாகாணத்தின் மீன்துறைக்கும் அடிகோலினார். கடனும் படகும் வெவ்வேறு விஷயங்களல்ல என்பதற்கு இது நல்ல சான்று. மார்கழியில் படகு உளுத்தவன், தையில் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறான். வாங்கியவன் தன் மீனை அவ்வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியவனாகிறான். படகில் பற்றிய உளுப்பைப் பலகை மாற்றித் தீர்க்கலாம். முன்பணத்தில் பற்றிய உளுப்பு மகன் காலம் வரையிலும் தீர்வதில்லை.

ஆகவே சங்கங்கள் மூன்று காரியங்களை மேற்கொள்ளலாம். முதலாவது, உருளைக் கட்டைகள், வடம், சங்கிலிக் கப்பி இவற்றைப் பொதுவில் வாங்கி வைத்தல். இரண்டாவது, படகுகளைக் கரையேற்றும் வரிசையைப் புரட்டாசியிலேயே பொதுக்கூட்டத்தில் முடிவுசெய்து எழுதிவைத்தல். ஆண்துணையற்ற வீட்டாரின் படகும், நோயுற்றோரின் படகும் அவ்வரிசையில் முன்நிற்பது முறை. கூண்டு ஏற்றிய பின்னர் வரிசை பேசினால் சச்சரவே மிஞ்சும். சொந்தப் படகில்லாத அங்கத்தினரும் இவ்வேலையில் கைகொடுத்தல் வேண்டும். படகு கெட்டால் உடையவனுக்கு முதல் போகிறது. உடன் செல்வோனுக்குப் பங்கு போகிறது. மூன்றாவது, செப்பனிடுதற்குச் சிறு நிதி. மீன்பிடி குறைந்த மாதங்களுக்கென, மீனவரின் சேமிப்பும் அரசாங்கத்தின் பங்கும் சேர்த்து வழங்கப்படும் நிவாரணத் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. அதில் வரும் தொகை வீட்டுச் செலவிற்கே போதாதென்பது உண்மை. ஆகையால் அதனை எதிர்பாராமல், மீன் மிகுதியாகப் படும் மாதங்களில், விற்ற தொகையில் சிறு பகுதியைச் சங்கத்தில் படகின் பெயராலேயே ஒதுக்கி வருவது நல்லது. புரட்டாசியில் எண்ணெயும் கயிறும் வாங்க அது உதவும்.

மழை நாட்களில் இருவர் இருவராக முறைவைத்து, எல்லாப் படகுகளையும் காலையில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவர ஏற்பாடு செய்தல் யாவற்றினும் எளிது. நீர் தங்கியிருந்தால் இறைப்பதும், முட்டு நகர்ந்திருந்தால் சரிசெய்வதும், கட்டு நெகிழ்ந்திருந்தால் இறுக்குவதும் அரை மணி வேலை. ஊர் கூடினால் தேர் ஓடும் என்பர். கரையில் நிற்கும் படகிற்கும் அது பொருந்தும். இவ்வாறு காக்கப்பட்ட படகு, தை மாதத்தில் கடல் தெளிந்த முதல் நாளிலேயே, ஒருவரிடமும் முன்பணம் பெறாது நீரில் இறங்கும். அன்று பிடித்த மீனுக்கு விலை சொல்லும் உரிமை, பிடித்தவனிடமே இருக்கும்.