பொருளின் பெயரும் வரியின் பெயரும்



வணிகம் செய்யும் இல்லங்களில் ‘இச்சரக்கிற்குச் சுங்கவரி எவ்வளவு?’ என்ற வினா அடிக்கடி எழுகின்றது. அதற்கு முன்னர் விடை காண வேண்டிய வினா வேறொன்று: ‘இச்சரக்கு யாது?’ என்பதே அது. விகிதம் பொருளின் வகையைத் தொடர்ந்து வருவது.

உலகச் சுங்க அமைப்பு வகுத்த பொருள் வரிசை 1988 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் இந்தியா, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளுக்குப் பொதுவானவை. ஒரே பெட்டியில் வரும் அணிபொருள்களும் அதில் பிரிந்து நிற்கின்றன. கவரிங் கழுத்தணி 7117 என்ற தலைப்பைச் சேரும். கூந்தல் ஊசியோ 9615-ஐச் சேரும். முகமூடி, பொய்த்தாடி முதலிய வேடப்பொருள்கள் 9505 என்னும் பண்டிகைப் பொருள் தலைப்பில் அடங்கும். ஆயின், துணியாலான மாறுவேட உடைகளை அவ்வதிகாரத்தின் குறிப்பு விலக்கி, ஆடை அதிகாரங்களான 61, 62-க்கு அனுப்புகின்றது.

இங்கேதான் அமெரிக்காவில் வழக்கு எழுந்தது. மெல்லிய துணியில் எளிதாகத் தைத்த கோமாளி, கடற்கொள்ளையன், சூனியக்காரி வேட உடைகளைச் சுங்கத் துறை பண்டிகைப் பொருளாகக் கொண்டு வரியின்றி விடுத்தது. உள்நாட்டில் வேட உடை தயாரித்து வந்த ரூபீஸ் நிறுவனம் இதனை எதிர்த்தது. ‘அவை ஆடைகளே, வரி விதிக்க வேண்டும்’ என்பது அதன் வாதம். 2003-இல் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. நீடித்து உழைக்காத, இயல்பாக உடுத்தும் ஆடைக்குரிய தன்மையற்ற வேட உடைகள் பண்டிகைப் பொருள்களே எனத் தீர்ப்பளித்தது.

ஆண்டுகள் சென்றபின், அதே நிறுவனம் இறக்குமதியாளராக அதே நீதிமன்றத்தின் முன் நின்றது. இம்முறை சரக்கு, கிறிஸ்துமஸ் தாத்தா வேடத் தொகுப்பு. ‘இது பண்டிகைப் பொருள், வரி இல்லை’ என்று அந்நிறுவனமே வாதிட்டது. மேலங்கியில் முழுநீள ஜிப்பும் உள்துணியும் இருந்தன. தையலும் செம்மையாக இருந்தது. எனவே 2019-இல் நீதிமன்றம் அதனை ஆடையென்றே கொண்டது. மேலங்கிக்கு 32 விழுக்காடு, காற்சட்டைக்கு 28.2, கையுறைக்கு 18.6, பரிசுப் பைக்கு 17.6 என வரி நிலைத்தது. நூறு டாலர் மதிப்புள்ள மேலங்கிக்கு, வரியே இல்லை என்று எண்ணிய இடத்தில் 32 டாலர் செலுத்த நேர்ந்தது.

முதல் வழக்கில் ஆடை என்றவர், இரண்டாவதில் ஆடையன்று என்றார். இரண்டிலும் வெற்றி கிட்டவில்லை. நீதிமன்றம் நோக்கியது உரைப்பவரின் ஆதாயத்தை அன்று. துணியையும் தையலையும் பயனையும் நோக்கியது. உறையின் மேல் அச்சிட்ட பண்டிகைப் பெயர் உள்ளிருக்கும் மேலங்கியின் இயல்பை மாற்றவில்லை.

இது நம் நாட்டு வணிகர்க்கும் பொருந்துவது. 2011 முதல் இந்தியாவில் சரக்கின் வகையையும் வரியையும் தாமே கணித்து அறிவிக்கும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. வகை தவறினால் குறைந்த வரியும் வட்டியும் பின்னர் வந்து சேரும். அதற்குள் பொருள் பழைய விலைக்கே விற்றுத் தீர்ந்திருக்கும். ஆகவே, கொள்முதல் ஆணை தருமுன் மாதிரியைக் கையிலெடுத்து, எதனால் ஆனது, எவ்வாறு தைக்கப்பட்டது, எதற்குப் பயன்படுவது எனக் குறித்துவைத்தல் நன்று. ஐயம் நீங்காவிடில், தில்லியிலும் மும்பையிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தை அணுகலாம்.

குறைந்த வரியுள்ள தலைப்பைத் தேடி, பின்னர்ப் பொருளை அதற்குள் புகுத்துவது ஒரு வழி. பொருளை உள்ளவாறு கண்டு, அதற்குரிய தலைப்பை ஏற்பது மற்றொரு வழி. முதல் வழியில் கிட்டும் ஆதாயம் கணக்கு முடியும்வரை நிலையற்றது. இரண்டாம் வழியில் செலுத்திய வரி அன்றோடு முடிந்துவிடும்.