ஒரே பட்டறையில் பிறந்த இரு பெயர்கள்

(உரை வடிவம்)



மொழியைப் பற்றியே பேசிப் பழகிய இம்மேடையில் அமெரிக்க மகிழுந்துகளைப் பற்றிப் பேசுமாறு அமைப்பாளர்கள் கேட்டபோது சற்றே தயங்கினேன். பின்னர் எண்ணிப் பார்த்தேன். அமெரிக்கப் போர்டு நிறுவனம் நம் நாட்டில் தொழிலகம் அமைத்த ஊர் எது? மறைமலைநகர்! இருபதாண்டுகளுக்கு மேல் அங்கே உந்துகளைச் செய்த அந்நிறுவனம் 2022ஆம் ஆண்டில் அப்பணியை நிறுத்தியது. 2024இல், ஏற்றுமதிக்காக அத்தொழிலகத்தை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக அரசுக்கு எழுதியது. அந்த ஊர்ப்பெயர்தான் என்னைத் தூண்டிவிட்டது. வேதாசலம் என்று பெற்றோர் இட்ட பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டவர் அடிகள். பெயரின் பொருள் அப்படியே இருந்தது. சொல் மட்டும் தன் வீட்டுக்குத் திரும்பியது. இன்று நான் சொல்லப்போவது அதற்கு நேர்மாறான கதை. பொருளைத் திருத்த மனமின்றிப் பெயரை மட்டும் மாற்றிப் பார்த்தவர்களின் கதை.

1920களில் செனரல் மோட்டார்சு நிறுவனத்தை நடத்திய ஆல்பிரடு சுலோன் என்பார் ஓர் ஏணி அமைத்தார். அடிப்படியில் செவர்லே, அடுத்துப் பாண்டியாக், அடுத்து ஓல்ட்சுமொபைல், அதன்மேல் பியூக், உச்சியில் காடிலாக். இளைஞன் செவர்லேயில் ஏறுவான். வருவாய் பெருகப் பெருகப் படிப்படியாக ஏறி முதுமையில் காடிலாக்கில் அமர்வான். பெயரைக் கேட்டவுடன் வண்டியின் விலையும் உரிமையாளரின் நிலையும் தெரிந்துவிடும். அந்த நாளில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் வேறுபட்ட பொறியும் வேறுபட்ட வடிவும் உண்மையிலேயே இருந்தன என்பதை மறந்துவிடாதீர்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற மகிழுந்துகளில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரு நிறுவனத்துடையவை.

இந்த ஏணிக்கு வெளியே ஒரு சிறு பூச்சி வந்து நின்றது. செருமனியின் வோக்சுவேகன்! 1959இல் நியூயார்க்கு விளம்பரக்காரர்கள் அதற்கு எழுதிய விளம்பரங்கள் வேடிக்கையானவை. வெள்ளைத்தாளின் மூலையில் ஒரு சின்னஞ்சிறு வண்டி. கீழே, சிறியதாக எண்ணிப் பாருங்கள் என்ற கருத்தில் இரண்டு சொல். எல்லாரும் எங்கள் வண்டி பெரிது, அழகு, வால்சிறகு உடையது என்று முழங்கிய காலத்தில், எங்கள் வண்டி சிறிது, அழகில்லாதது, ஆண்டுக்கு ஆண்டு மாறாதது என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். குறையை ஒளிக்காத விற்பனையாளரை மக்கள் நம்பத் தொடங்கினர்.

டெட்ராயிட்டு என்ன செய்தது? 1959 இலையுதிர் காலத்தில் மூன்று நிறுவனங்களும் சிறு உந்துகளை இறக்கின. செவர்லேயின் கார்வேர், வோக்சுவேகனைப் போலவே பின்புறப் பொறியும் காற்றுக் குளிர்ச்சியும் உடையது. அதன் நிலைதடுமாற்றத்தை 1965இல் இரால்பு நாடர் தம் நூலில் ஊரறியச் செய்தார். 1970இல் மீண்டும் ஒரு முயற்சி: செவர்லே வேகா, போர்டு பிண்ட்டோ. வேகா துருப்பிடித்தது, அதன் பொறி சூடேறிக் கெட்டது. பிண்ட்டோவின் எண்ணெய்க்கலம் பின்மோதலில் தீப்பற்றியது. 1978இல் ஏறத்தாழ 15 இலக்கம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. இடையில் 1973இன் எண்ணெய்த் தட்டுப்பாடு. கன்னெய் விற்குமிடங்களில் நீண்ட வரிசையில் நின்ற அமெரிக்கன் முதன்முதலாகத் தொயோட்டா, ஓண்டா, தாட்சன் என்ற பெயர்களை உன்னிப்பாகப் படித்தான். அவனுக்கு அப்பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆனால் வண்டி காலையில் உடனே கிளம்பியது.

1981இல் அமெரிக்க அரசின் நெருக்குதலால், ஆண்டுக்கு 16,80,000 மகிழுந்துகளுக்கு மேல் அனுப்புவதில்லை என்று சப்பான் தானே ஒரு வரம்பு கட்டிக்கொண்டது. உள்நாட்டுத் தொழிலுக்கு மூச்சுவிட இடம் தரவேண்டும் என்பது கருத்து. தவறான கருத்தன்று, எந்த நாடும் தன் உழைப்பாளரைக் காக்கவே செய்யும். ஆனால் என்ன நிகழ்ந்தது? எண்ணிக்கை கட்டப்பட்டதால் சப்பானியர் விலையுயர்ந்த வண்டிகளை அனுப்பினர். 1986இல் ஓண்டா அக்குராவையும், 1989இல் தொயோட்டா இலெக்சசையும் புதுப்பெயர்களாக நட்டன. உச்சிப்படியில் இருந்த காடிலாக்கின் நாற்காலியையே அவை அசைத்தன. காடிலாக்கோ, 1981இல் எளிய செவர்லே கவலியர் வண்டிக்குத் தோல் இருக்கையும் தன் பெயரும் சூட்டிச் சிமரான் என்று விற்றுக்கொண்டிருந்தது. வெளிநாட்டுச் சிறு செல்வ வண்டிகளுக்கு மறுமொழியாம்! வாங்கியவர்கள் ஏமாறவில்லை, 1988இல் அது மறைந்தது. சுலோனின் ஏணியில் மேற்படிக்கும் கீழ்ப்படிக்கும் வேறுபாடு பெயர்த்தகடு மட்டுமே என்று நிறுவனமே மக்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

தகடு போதாதபோது கொடியை எடுத்தார்கள். அமெரிக்கப் பொருளையே வாங்குங்கள் என்ற முழக்கம் எங்கும் எழுந்தது. நாட்டுப்பற்றைப் பழிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். நாட்டுப்பற்றை யார், எதை மறைக்கப் பயன்படுத்துகிறார் என்று கேட்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன். கிரைசுலர் நிறுவனம் 1980இல் அரசின் கடன்பிணையால் உயிர்பிழைத்தது. அதன் தலைவர் இலீ அயகோக்கா தாமே தொலைக்காட்சியில் தோன்றி, இதைவிட நல்ல வண்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்று அறைகூவினார். துணிவுள்ள மனிதர், கடனையும் 1983இலேயே, உரிய காலத்துக்கு ஏழாண்டு முன்னதாக அடைத்தார். ஆயினும் அதே நிறுவனம் சப்பானின் மிட்சுபிசி செய்த சிறு வண்டியை 1970களின் தொடக்கம் முதலே 'டாட்சு கோல்ட்டு' என்ற அமெரிக்கப் பெயரில் விற்று வந்தது. அதே பொழுதில், 1982 நவம்பர் முதல், ஒகையோ மாநிலத்து மேரிசுவில்லில் அமெரிக்கத் தொழிலாளர் ஓண்டா அக்கார்டு செய்துகொண்டிருந்தனர். எது உள்நாட்டு வண்டி, எது அயல்நாட்டு வண்டி? தொழிலாளர் கழகங்கள் சிலவற்றின் வண்டிநிறுத்தங்களில் அயல்நாட்டு வண்டிக்கு இடமில்லை என்று பலகை தொங்கியது. அப்பலகை பெயரைத்தான் படிக்கும். பிறந்த ஊரைப் படிக்காது.

இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. 1982 சூன் 19ஆம் நாள் இரவு, டெட்ராயிட்டை அடுத்த ஐலண்டு பார்க்கு என்னும் ஊரில், வின்செண்ட்டு சின் என்ற 27 அகவை இளைஞர் தம் திருமணத்துக்கு முன் நண்பர்களோடு மகிழ்ந்திருக்கச் சென்றார். கிரைசுலர் தொழிலக மேற்பார்வையாளர் ஒருவரும், வேலையிழந்த அவர்தம் மனைவியின் மகனும் அங்கே அவரோடு சண்டையிட்டனர். உங்களால்தான் எங்களுக்கு வேலை போயிற்று என்ற பொருள்பட அவர்கள் பேசியதைக் கேட்டதாகச் சான்று உண்டு. பின்னர் அவரைத் தேடிப்பிடித்துப் பந்துமட்டையால் தலையில் அடித்தனர். நான்கு நாளில் அவர் இறந்தார். சப்பானியரா அவர்? இல்லை. சீனத்தில் பிறந்து, டெட்ராயிட்டுப் பகுதியில் வளர்ந்த அமெரிக்கர்! கொன்றவர்களுக்கு 1983இல் கிடைத்தது நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 தாலர் தண்டமும். ஒரு நாள்கூடச் சிறை இல்லை. ஒரு வண்டியின் பெயர்த்தகட்டை வெறுக்கக் கற்றவன் ஒரு முகத்தை வெறுக்க எத்தனை நாளாகும்? விளம்பரம் எழுதியவர்கள் கொலை செய்யச் சொல்லவில்லை என்பது உண்மைதான். வேகாவும் பிண்ட்டோவும் ஏன் தோற்றன என்பதை அவர்கள் அத்தொழிலாளர்க்குச் சொல்லவுமில்லை.

இனி, தலைப்பில் குறித்த பட்டறைக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் பிரீமாண்டு என்னும் ஊரில் செனரல் மோட்டார்சின் ஆலை ஒன்று இருந்தது. வேலைநிறுத்தங்களுக்கும், நூற்றுக்கு இருபதின்மர் வரை வேலைக்கு வாராமைக்கும் பெயர்போன ஆலை. இத்தொழிலாளர் உருப்படார் என்று சொல்லி 1982இல் மூடிவிட்டனர். 1984இல் அதே ஆலையைத் தொயோட்டாவும் செனரல் மோட்டார்சும் கூட்டாகத் திறந்தன. நடத்தும் பொறுப்பு தொயோட்டாவுக்கு. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலார் அந்தப் பழைய தொழிலாளரே, அதே கழகத்தினரே. சில நூற்றுவரைச் சப்பானுக்கு அனுப்பிப் பயிற்றினர். ஒரு கயிறு கட்டினர். பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுத்து வரிசை முழுவதையும் நிறுத்தலாம். முன்னாளில் வரிசையை நிறுத்துவது அங்கே பெருங்குற்றம்! ஓராண்டு, ஈராண்டுக்குள் அவ்வாலையின் வண்டிகள் அந்நிறுவனத்தின் அமெரிக்க ஆலைகளிலேயே மிகச் சிறந்த தரத்தன ஆயின. உருப்படார் எனப்பட்டவர்கள்தாம் அவற்றைச் செய்தவர்கள்.

அவ்வாலையில் ஒரே வரிசையில் உடன்பிறந்த இரட்டையர் போன்ற வண்டிகள் வெளிவந்தன. ஒன்றுக்குத் தொயோட்டா கொரோலா என்று பெயர். மற்றொன்றுக்கு முதலில் செவர்லே நோவா. பின்னர் சியோ பிரிசம். அதன் பின்னர் செவர்லே பிரிசம். பொறி ஒன்று, எலும்புக்கூடு ஒன்று, பூட்டிய கைகள் ஒன்று. முகப்பும் சில புற அழகும் பெயரும் மட்டுமே வேறு. மக்கள் எதை வாங்கினர்? கொரோலாவை! கூடுதல் விலை கொடுத்தே வாங்கினர். பிரிசத்தை விற்கத் தள்ளுபடி தர வேண்டியிருந்தது. பழைய வண்டியாக விற்கும்போதும் கொரோலாவுக்கே மதிப்பு. அறிந்தவர்கள் சிலர் பிரிசத்தை வாங்கி, மலிவாகத் தொயோட்டா ஓட்டுகிறோம் என்று மகிழ்ந்தார்களாம். அவர்களை மெச்சத்தான் வேண்டும். ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? செவர்லே என்ற பெயர் நல்ல வண்டியின் விலையைக் குறைத்தது. இருபதாண்டுத் துருவும் பழுதும் அந்தப் பெயரில் ஏறியிருந்தன. புதிய வண்டியின் மேல் ஒட்டியதும் அவையும் கூடவே ஒட்டிக்கொண்டன. நிறுவனத்தார் பெயரை மாற்றினர், மீண்டும் மாற்றினர். ஒரு பெயர் மதிப்புப் பெறும் வரை காத்திருக்கும் பொறுமை அவர்களுக்கு இல்லை. கொரோலா என்ற பெயரை அமெரிக்காவில் ஒருவரும் மாற்றவில்லை.

பொறுமையோடு ஒருமுறை செய்தும் பார்த்தார்கள். அதுதான் சாட்டர்ன். உருசியரோடு போட்டியிட்டு நிலவுக்குச் சென்ற ஏவூர்தியின் பெயர் அது. சப்பானியரை வெல்ல 1985இல் அறிவித்து, தென்னசி மாநிலத்தில் புதிய ஆலை கட்டி, 1990 சூலையில் முதல் வண்டியை வெளிக்கொணர்ந்தனர். முகவர் கடையில் பேரம் இல்லை, சொன்ன விலைதான். விளம்பரங்கள் செய்தவரைப் பற்றியும் வாங்கியவரைப் பற்றியும் பேசின. குளிர்விக்கும் நீர்மம் கெட்டிருந்தது என்று 1991இல் தெரிந்தவுடன், 1,800க்கு மேற்பட்ட வண்டிகளை அப்படியே திரும்பப் பெற்றுப் புதுவண்டி கொடுத்தனர். எத்தனை விளம்பரத்துக்கு ஈடு அந்த ஒரு செயல்! 1994 கோடையில், தாங்கள் வாங்கிய வண்டி பிறந்த ஆலையைக் காண 40,000க்கு மேற்பட்டோர் குடும்பத்தோடு வந்தனர். பூட்டப்பட்ட தகட்டுத் துண்டுகளுக்காகவா வந்தனர்? தங்களிடம் பொய் சொல்லாத ஒரு பெயரைக் காண வந்தனர்.

அந்தப் பெயரை என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டினி போட்டார்கள். மற்றப் பெயர்களின் தலைவர்கள் பொறாமைப்பட்டனர். 1990களின் பெரும்பகுதியில் சிறு வண்டியையன்றி வேறு வகை வரவில்லை. பின்னர் வந்தவற்றுள் சிலவோ ஐரோப்பாவில் ஓப்பல் என்று விற்றவற்றுக்குச் சாட்டர்ன் தகடு ஒட்டியவை. மீண்டும் தகடு! 2009 சூன் முதல் நாள் செனரல் மோட்டார்சு நொடித்து நீதிமன்றம் ஏறியது. சாட்டர்னை விற்க முயன்ற ஒப்பந்தமும் அவ்வாண்டு செப்டம்பரில் முறிந்தது. 2010இல் சாட்டர்னும் பாண்டியாக்கும் ஒருங்கே மறைந்தன. 1897இல் தொடங்கிய ஓல்ட்சுமொபைல் 2004இலேயே போயிற்று. உங்கள் தந்தையார் காலத்து ஓல்ட்சுமொபைல் அன்று இது என்று 1988இல் விளம்பரம் செய்தார்களே, அதனால் தந்தையாரும் விலகினார், மகனும் வரவில்லை.

அமெரிக்கர்க்கு நல்ல வண்டி செய்யத் தெரியாது என்று நான் சொன்னதாக யாரும் கொள்ளவேண்டா. 1985 இறுதியில் போர்டு வெளியிட்ட தாரசு, அயல்நாட்டு வண்டிகளைக் கழற்றிக் கழற்றிப் பார்த்துக் கற்றுச் செய்த வண்டி. 1992 முதல் 1996 வரை அந்நாட்டில் மிகுதியாக விற்ற மகிழுந்து அதுவே. பின்னர் அதையும் கவனிக்காமல் விட்டு, ஆதாயம் மிகுந்த சரக்குந்து வகைகளுக்குப் போய்விட்டனர். அங்கே அவர்களுக்கு 1964 முதல் 25 விழுக்காட்டு இறக்குமதி வரி என்னும் கோட்டை உண்டு. ஐரோப்பியர் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பழிக்குப் பழியாக எழுந்த வரி அது! 2018இல், முசுத்தாங்கு தவிர மற்ற மகிழுந்துகளைத் தன் நாட்டில் படிப்படியாகக் கைவிடுவதாகப் போர்டே அறிவித்துவிட்டது.

2011 பிப்பிரவரியில் கிரைசுலர் இரண்டு நிமைய விளம்பரம் ஒன்றைக் காட்டியது. டெட்ராயிட்டின் புகைபோக்கிகள், பனி, எமினெம் என்னும் பாடகர். இறுதியில், டெட்ராயிட்டிலிருந்து இறக்குமதி என்ற சொல். நான் பார்த்தேன், கண் கலங்கத்தான் செய்தது. அடிபட்ட ஓர் ஊர் தன் பெயரைத் தானே எடுத்துச் சொல்கிறதே! ஆனால் அப்போது அந்நிறுவனத்தை நடத்தியது இத்தாலியின் பியட்டு. காட்டிய வண்டியோ, பெயர் கெட்டுப்போன செப்ரிங்கு என்ற பழைய வண்டியைத் திருத்திக் கிரைசுலர் 200 என்று புதுப்பெயர் சூட்டியது. 2016 இறுதியில் அதன் உருவாக்கமும் நின்றது.

பிரீமாண்டு ஆலை 2010 ஏப்பிரல் முதல் நாள் மூடப்பட்டது. முன்னாண்டே செனரல் மோட்டார்சு விலகியிருந்தது. தொயோட்டாவும் விட்டுச் சென்றது. அந்தக் கயிற்றை இழுக்கக் கற்ற ஆயிரக்கணக்கான தொழிலாளர் இரண்டாம் முறையாக அதே வாயிலில் வேலையிழந்து நின்றனர். அவ்வாண்டே டெசுலா என்ற சிறு நிறுவனம் அவ்வாலையை வாங்கியது. 2012 முதல் அங்கிருந்து மின்மகிழுந்துகள் வெளிவந்தன. அதற்குப்பின் பத்தாண்டுக் காலம் அந்நிறுவனம் தொலைக்காட்சியில் விளம்பரமே செய்யவில்லை.